விரிவுரைப் பீடமும் ஓலைச்சுவடியும்: யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் வஹகோட்டைக் கத்தோலிக்கரும்

மாத்தளை மாவட்டம் சமய வரலாற்றில் ஈரிடங்களாற் சிறப்புடையது. ஒன்று அலுவிகாரை, மற்றையது வஹகோட்டை. முன்னையது யாவரும் அறிந்தது. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் தொகை அருகிய காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அவ்விடத்திலேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்தர் போற்றும் மரபு. பின்னையது கலேவெலைப் பக்கத்தே அமைந்த ஒரு கத்தோலிக்கக் கிராமம். குருமார் துரத்தப்பட்டபின் நெடுங்காலம் நிலையான குருவின்றித் தம் சமயத்தைக் காத்தவர்கள் அவ்வூர் மக்கள். ஓதுவோர் மறையினும் ஓதப்படுவது மறையாதிருக்க வேண்டுமாயின் செய்யத்தக்கது யாது என்னும் ஒரே வினாவுக்கு, ஒரே மாவட்டத்தில், ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டு இடைவெளியில், இரு சமயத்தார் ஒத்த விடையைக் கண்டனர் என்பது நோக்கற்பாலது.

இவ்விரண்டாவது விடையை ஆக்கியோருள் தலையாயவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742). சிங்கள இலக்கிய வரலாற்றில் அவருக்கு உரிய இடம் வழங்கப்பட்டுள்ளது. தமிழ் இலக்கிய வரலாற்றிலோ, அவர் பெயர் கிறித்தவத் தமிழ்த் தொண்டர் பட்டியலில் ஒரு வரியாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவருடைய குடிப்பிறப்பு, கல்வி, துறந்த பதவி, எழுதிய நூல்கள் ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, அந்நூல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலப் பின்னணி

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதோடு ஈழத்திற் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிற் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்கு இடமளிப்பதும் குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் இத்தீவின் கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற மந்தையாயினர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1692இல் அவர் கண்டிக்குச் சென்றார். ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். பின் அரசனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றிப் பேணியவர் அவர். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய மருகரும் குருவானவருமாகிய யோசேப் கார்வாலோ ஆவார்.

ஒல்லாந்தரின் சட்டம் செல்லாத நிலம் கண்டி இராச்சியம். பௌத்த அரசரின் பொறையே அங்குக் கத்தோலிக்கருக்கு அரணாயிற்று. இரண்டாம் விமலதர்மசூரியனும் (1687–1707), அவனை அடுத்து ஆண்ட வீர நரேந்திரசிங்கனும் (1707–1739) குருமாரைத் தம் தலைநகரில் வாழவிட்டனர். சீர்திருத்தக் கிறித்தவராகிய ஒல்லாந்தர் ஒறுத்த கிறித்தவரைப் பௌத்த மன்னர் புரந்தனர் என்னும் இவ்வுண்மை, சமயப் பூசல்களை மட்டுமே வரலாறாகக் கொள்வோர் மறந்துவிடக் கூடாத ஒன்றாகும்.

குடியும் கல்வியும்

கொன்சால்வெஸ் 1676ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் நாள், கோவாவில் மாண்டோவி ஆற்றின் நடுவே அமைந்த திவார் தீவிற் பிறந்தார். தந்தையார் தோமஸ் கொன்சால்வெஸ். தாயார் மரியானா தே அப்றேயு. பெயர்கள் போர்த்துக்கேயமாயினும் குடி கொங்கணிப் பிராமணக் குடியே. கோவாவிற் கிறித்தவம் தழுவிய உயர்குடியினர், தம் பெயரை மாற்றிக்கொண்டபோதும், சாதி உணர்வையும் கல்வி மரபையும் கைவிட்டாரல்லர். அடிகளாரின் தாய்மொழி கொங்கணி. கற்ற மொழிகள் போர்த்துக்கேயமும் இலத்தீனும். பிற்காலத்திற் சிங்களத்திலும் தமிழிலும் அவர் வடசொற்களை எளிதாகக் கையாண்டமைக்கு இக்குடிச் சூழலும் ஒரு காரணமாதல் கூடும் எனக் கருதுகின்றோம்.

அக்காலக் கோவாவில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முட் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. குருப்பட்டம் பெற்ற இந்தியரும் இரண்டாந்தரத்தவராகவே நடத்தப்பட்டனர். இவ்விழிவுக்கு மறுமொழியாகவே 1680களில் கோவைக் குருமார் சிலர் தமக்கென ஓரத்தோரியன் சபையை நிறுவினர். யோசேப் வாஸ் அச்சபையை நிலைபெறச் செய்தோருள் ஒருவர். ஈழத்துக்கு வந்த ஓரத்தோரியர் அனைவரும் இந்தியரே என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. ஆசிய நாடொன்றில், ஐரோப்பியரின் ஆட்சித் துணையின்றி, ஆசியரே நடத்திய மறைப்பணி இது. இளமையில் இயேசு சபையினரின் கல்லூரியிற் கலைப்பாடங்களைக் கற்றுப் பின் இறையியல் பயின்ற கொன்சால்வெஸ், இச்சபையிற் சேர்ந்து 1700இற் குருப்பட்டம் பெற்றார். துறவியாகிய அவருக்கு மனைவி மக்கள் இலர். பிறந்த குடியை நீங்கிய அவர் புகுந்த குடி இச்சபையே எனலாம்.

துறந்த பீடம்

கல்வியிற் சிறந்த கொன்சால்வெஸ் கோவாவில் மெய்யியல் விரிவுரையாளர் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். கோவைக் குடியினர் ஒருவருக்கு இது சிறு பேறன்று. எனினும் ஈழத்துப் பணிக்கு ஆள் வேண்டும் என்ற அழைப்பு வந்தபோது அப்பதவியை விட்டு நீங்கி, 1705இல் இத்தீவை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

இத்துறவின் பொருளை உணர்வதற்கு அதே நூற்றாண்டின் ஆங்கிலக் குருவானவர் ஒருவரை ஒப்புநோக்குதல் பயன்தரும். இங்கிலாந்தின் ஆலயங்களில் அக்காலத்தே விரிவுரையாளர் என்றொரு தனிப்பதவி இருந்தது. பங்குக்குருவின் கடமைகள் இன்றி, குறித்த வேளையிற் பிரசங்கம் நிகழ்த்துவது மட்டுமே அவர் தொழில். வில்லியம் றொமெய்ன் (1714–1795) அத்தகையோருள் புகழ்பெற்றவர். பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடிவந்த புரட்டஸ்தாந்தர் ஒருவரின் மகனாக ஆட்டில்பூலிற் பிறந்த அவர், 1749இல் இலண்டன் புனித டன்ஸ்ரன் ஆலயத்தின் விரிவுரையாளரானார். அவருடைய பிரசங்கம் பிடிக்காத ஆலயப் பொறுப்பாளர் விளக்கேற்ற மறுத்தமையால், மெழுகுதிரி ஒன்றைக் கையிலேந்தியவாறே அவர் இருளிற் பிரசங்கித்தார் என்பர். 1755இல் மணம்புரிந்த அவரின் புதல்வருள் ஒருவர் படை அதிகாரியாய்க் கடல் கடந்து வந்து, 1782இல் நம் திருகோணமலையில் உயிர்நீத்தார். றொமெய்னின் போராட்டம் பிரசங்க பீடத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் போராட்டம். கொன்சால்வெஸ் செய்ததோ கிடைத்த பீடத்தைக் கைவிட்டு, பீடமே இல்லாத மக்களிடம் சென்றமை. இருவரும் பேச்சின் வலிமையை நம்பியோரே. ஆயினும் பேசுவோன் இல்லாத இடத்திற் பேச்சு எவ்வாறு நிலைக்கும் என்னும் வினா இலண்டன் நகரத்தாருக்கு எழவில்லை; ஈழத்தில் அதுவே முதல் வினாவாயிற்று.

மொழிப்பயிற்சியும் நூலாக்கமும்

ஈழத்துக்கு வரும் வழியிலேயே அடிகளார் தமிழைக் கற்கத் தொடங்கிவிட்டார். தமிழ் வழங்கும் வடமேற்குப் பகுதியே அவர் முதலிற் காலடி வைத்த நிலமாகும். பின்னர் யோசேப் வாஸ் அவரைக் கண்டிக்கு அழைத்துச் சிங்களத்தை ஆழக் கற்குமாறு பணித்தார். பௌத்த அறிஞரிடமே அவர் உயர்சிங்களத்தைப் பயின்றார். ஈழத்தின் இரு மொழிகளிலும் செய்யுளும் உரைநடையும் ஆக்கிய அயல்நாட்டார் அவரைப்போல் வேறொருவரைக் காண்டல் அரிது. போர்த்துக்கேயம், சிங்களம், தமிழ் ஆகிய மொழிகளுக்கு அவர் தொகுத்த அகராதிகள் இப்பயிற்சியின் விளைவுகளாகும்.

தமிழில் அவர் இயற்றியவற்றுள் தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, கிறிஸ்தியானி ஆலயம், சுகிர்த தர்ப்பணம், வியாகுலப் பிரசங்கம் என்பன குறிப்பிடத்தக்கவை. இவற்றின் பெயர்களே அவருடைய நடையைக் காட்டுவன. வடசொற்கள் விரவிய உரைநடை அது. தத்துவ போதகர் எனப்பட்ட றொபேட் டி நொபிலி (1577–1656) தொடக்கிவைத்த கிறித்தவத் தமிழ் உரைநடை மரபின் தொடர்ச்சி எனவே அதனைக் கொள்ளல் வேண்டும். அடிகளாரின் சமகாலத்தவரான வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியைச் செய்து புலவர் அவையில் இடம்பெற்றார். கொன்சால்வெஸ் நாடியது புலவர் அவையை அன்று. எழுத்தறிந்தவர் ஒருவரேனும் உள்ள ஊரில், அவர் வாசிக்க மற்றையோர் கேட்டு நெஞ்சுருகத்தக்க நடையையே அவர் நாடினார்.

இவ்வேறுபாட்டை உணராது இருவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துரைப்பது. தவக்காலத்தில் ஆலயங்களில் அது தனக்கென அமைந்த சோக இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. நூலின் பெயர் பிரசங்கம்; பயன்பாடோ இசையோடு கூடிய வாசிப்பு. குரு நின்று ஆற்ற வேண்டிய பிரசங்கத்தை, குரு இல்லாதவிடத்துப் பொதுநிலையினர் ஒருவர் ஏட்டைப் பார்த்து நிகழ்த்தும் வகையில் அமைத்தமையே இதன் தனிச்சிறப்பாகும். இதற்கு இணையான சிங்கள நூல் துக்பிராப்தி பிரசங்கம். சிங்களக் கத்தோலிக்கரிடையே தவக்காலத்திற் பாடப்படும் பசான் மரபுக்கு அது ஊற்றாயிற்று. ஒரே ஆசிரியர் இரு மொழியாருக்கும் ஒரே அழுகையை வழங்கினார் எனலாம்.

அச்சும் ஏடும்

இந்நூல்கள் தோன்றிய காலத்தில் அச்சு இப்பகுதிக்குப் புதியதன்று. தரங்கம்பாடியில் டேனிய மறைப்பணியாளரின் அச்சகம் 1712–13இல் தொழிற்படத் தொடங்கிற்று. கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சகம் 1737இற் சிங்கள நூலை வெளியிட்டது. சில ஆண்டுகளுள் தமிழிலும் அச்சிட்டது. ஆயின் தடைசெய்யப்பட்ட சமயத்தினருக்கு அச்சகம் ஏது? ஓரத்தோரியரின் நூல்கள் ஓலையிலும் தாளிலும் கையாற் படியெடுக்கப்பட்டே பரவின.

இது குறையாகத் தோன்றினும் ஒருவகையில் அரணாகவும் அமைந்தது. அச்சகம் ஓரிடத்தில் இருப்பது, அதனைப் பூட்டிவிடலாம். படியெடுப்போன் ஊர்தோறும் இருப்பவன். எழுத்தாணியும் ஓலையும் உழவர் மனையிலும் கிடைத்தன. சுவடி ஒரு குடும்பத்தின் முதுசொமாகித் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மணமுடியாத துறவியின் நூல்கள் மணமுடித்த குடியானவரின் வீட்டில் வழிவழிச் செல்வமாயின. அடிகளாரின் குடும்பம் எது என வினவுவார்க்கு நாம் தரக்கூடிய விடை இதுவேயாம்.

கண்டனமும் அதன் விளைவும்

அடிகளாரின் எழுத்துகள் யாவும் இவ்வகைப்பட்டன எனக் கூறின் உண்மைக்கு மாறாகும். அவர் கண்டன நூல்களும் எழுதினார். ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சமயத்தை மறுத்தமை எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் தம்மைப் புரந்த நாட்டின் சமயமாகிய பௌத்தத்தையும் அவர் சிங்களத்திற் கண்டித்தார். தமக்கு மொழி கற்பித்தோரின் நெறியையே அம்மொழியிற் சாடினார் என்பது கசப்பான உண்மை. சமயவாதம் புலமையின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது என அமைதி கூறலாம். எனினும் விளைவை மறைத்தல் ஆகாது.

நரேந்திரசிங்கன் 1739இல் மறைந்தான். அவனுக்குப்பின் அரியணையேறிய சிறீ விஜய ராஜசிங்கன் (1739–1747) மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். பௌத்தத்தின் காவலனாகத் தன்னை நிலைநாட்டிக்கொள்ள வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. கொன்சால்வெஸ் 1742ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆம் நாள் போலவத்தையில் மறைந்தார். அதன்பின் ஓரிரு ஆண்டுகளுள் கண்டி இராச்சியத்திற் கத்தோலிக்க ஆலயங்கள் அழிக்கப்பட்டன, குருமார் நாடுகடத்தப்பட்டனர். பௌத்தத்தை இழித்துரைத்த நூல்கள் மன்னன் முன் வைக்கப்பட்டமை இதற்குக் காரணங்களுள் ஒன்று என வரலாற்றாசிரியர் கருதுவர். அவ்வாறாயின் அடிகளாரின் எழுத்தே அவர் கட்டியதை இடிக்கவும் துணைசெய்தது என்பது பெறப்படும்.

வஹகோட்டை

இவ்விடத்திலேதான் மாத்தளைச் சிற்றூர் நம் கவனத்துக்கு உரியதாகின்றது. வஹகோட்டை மக்கள் தம்மைக் கண்டி அரசர் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் எனக் கூறுவர். 1630இல் றன்தெனிவெலையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிவுற்றன. அத்தகைய போர்களிற் சிறைப்பட்டோரை உள்நாட்டிற் குடியமர்த்துதல் கண்டி அரசரின் வழக்கம். அவ்வாறு அமர்ந்தோர் சிங்களப் பெண்டிரை மணந்தனர், உழவராயினர், சில தலைமுறைகளுள் மொழியாலும் உடையாலும் சிங்களவர் ஆயினர். அவர்களிடம் எஞ்சியது சமயம் ஒன்றே. அந்தோனியார்மீது அவர்கள் கொண்ட பத்தி இன்றும் அவ்வூர்த் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோரை ஈர்ப்பது.

1740களின் நடுப்பகுதியிலிருந்து, ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய 1815 வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் அது. கரையோரத்திற் கத்தோலிக்கருக்கு எதிரான தடைகளை ஆங்கிலேய ஆட்சி 1806இல் நீக்கியபோதும், மலைநாட்டின் உட்பகுதிகளுக்கு அவ்விடுதலை உடனே எட்டவில்லை. நிலையான குரு இல்லை. முறையான பூசை இல்லை. பிறந்த பிள்ளைக்குத் திருமுழுக்களிப்பதும், இறப்போர் பக்கத்தில் நின்று செபிப்பதும், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுவதும் பொதுநிலையினரின் பொறுப்பாயின. கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்களிலும் உள்நாட்டிலும் இப்பொறுப்பை ஏற்றோர் அண்ணாவி, மூப்பு எனப்பட்டனர். இவ்விரண்டும் தமிழ்ச் சொற்கள். சிங்களம் பேசும் கத்தோலிக்கர் தம் வழிபாட்டுத் தலைவரை இன்றளவும் தமிழ்ப் பெயர்களால் அழைப்பது, இரு மொழியாரின் சமய வாழ்வு ஒரே நிறுவன அமைப்பில் வளர்ந்தது என்பதற்குச் சான்றாகும். ஆசிரியரையும் கூத்துப் பழக்குபவரையும் குறித்த அண்ணாவி என்னும் சொல், ஏட்டை எடுத்து மக்கள் கேட்க வாசிப்பவரைக் குறித்தமை மிகப் பொருத்தமே.

அண்ணாவியின் கையில் இருந்தது ஏடு. குரு பேச வேண்டியதை ஏடு பேசிற்று. கொன்சால்வெஸ் கோவாவிற் கைவிட்ட விரிவுரைப் பீடம், இத்தகைய ஊர்களின் ஓலைக்கூரைக்கீழ், அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னும் நின்று நிலவிற்று. மாணவர் முன் விரிவுரை ஆற்றியிருப்பின் அவருடைய சொல் ஒரு தலைமுறையோடு அடங்கியிருக்கக்கூடும். குரு இன்றியும் வாசிக்கத்தக்க பிரசங்கங்களாக அதனை எழுதிவைத்தமையால் அது தலைமுறைகளைக் கடந்தது.

மதிப்பீடு

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரல் தகும். அடிகளாரின் நூல்கள் இருவகைப்பட்டன: பிறரை வெல்ல எழுதியவை, தம்மவரைத் தாங்க எழுதியவை. வெல்ல எழுதியவை அவர் மக்களுக்கு இடர் விளைத்தன. இன்று ஆய்வாளர் சிலரன்றி அவற்றைப் படிப்பாரில்லை. தாங்க எழுதியவையோ தவக்காலந்தோறும் உயிர்பெற்றன. ஒரு நூலின் வலிமை அது எதிரியை மடக்குந் திறத்தில் இல்லை, ஆசிரியன் இல்லாதபோது வாசகனுக்குத் துணைநிற்குந் திறத்திலேயே உள்ளது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அலுவிகாரையில் ஏடெழுதிய பிக்குகள் இதனை முன்பே அறிந்திருந்தனர். அவர்தம் நெறியைக் கண்டித்த கொன்சால்வெஸ் அறிந்தோ அறியாமலோ அவர்தம் வழியையே பின்பற்றினார்.

தமிழாய்வாளர் இத்துறையில் ஆற்றவேண்டிய பணிகள் பலவுள. வியாகுலப் பிரசங்கத்தையும் துக்பிராப்தி பிரசங்கத்தையும் வரிக்கு வரி ஒப்புநோக்கின், ஒரே சிந்தனை இரு மொழிகளில் எவ்வாறு உருமாறுகின்றது என்பது தெளிவாகும். ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலரோடும் அமெரிக்க மிசனோடும் தொடங்கும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது; அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மக்கள் கேட்பதற்கென எழுந்த உரைநடை ஒன்று இந்நாட்டில் வழங்கிற்று. அனைத்துக்கும் மேலாக, கத்தோலிக்கக் கிராமங்களின் வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகள் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் தேடித் தொகுக்கப்படல் வேண்டும். குருமார் இல்லாத எழுபது ஆண்டுகள் அம்மக்களைத் தாங்கியவை அச்சுவடிகள். அவற்றைத் தாங்குதல் இப்போது நம் கடனாகின்றது.